எரிபொருள் விலையும் தொப்பூர் இறக்கமும்

ஒரு பண்டத்தின் விலை உயர்ந்தால் அதன் நுகர்வு குறையும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. எல்லாப் பண்டத்துக்கும் இவ்விதி ஒரே அளவாகப் பொருந்துவதில்லை என்பது அதற்கு அடுத்த பாடம். பெட்ரோலும் டீசலும் இந்த இரண்டாம் பாடத்தைச் சேர்ந்தவை. தருமபுரியிலிருந்து பென்னாகரத்துக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று பணிபுரிகின்றவர், காலையில் விலை இரண்டு ரூபாய் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை. பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி கொண்டு செல்லும் உழவர், டீசல் விலை இறங்கட்டும் என்று கூடைகளை வயலிலேயே வைத்திருக்க இயலாது. அவர் காத்திருந்தாலும் பழம் காத்திராது. ஆதலின், விலை ஏறிய மறுநாள் சாலையோரம் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு யாதொரு மாறுதலும் புலப்படாது. அப்படியாயின் விலையேற்றம் மக்கள் வண்டி ஓட்டும் வழக்கத்தை மாற்றுவதே இல்லையா? மாற்றுகிறது. ஆனால் அம்மாற்றம் நாம் தேடும் இடத்தில் கிடைப்பதில்லை.

பிரிட்டனைச் சேர்ந்த போக்குவரத்துப் பொருளியல் அறிஞர் ஃபில் குட்வினும் அவருடைய தோழர்களும், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். எரிபொருளின் உண்மை விலை, அஃதாவது பணவீக்கத்தைக் கழித்து எஞ்சும் விலை, 10 விழுக்காடு உயர்ந்து அப்படியே நிலைத்து நிற்பதாகக் கொள்வோம். வண்டிகள் ஓடும் தொலைவு ஓராண்டுக்குள் ஏறக்குறைய 1 விழுக்காடு குறைகிறது. செலவாகும் எரிபொருளோ 2.5 விழுக்காடு குறைகிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தொலைவு 3 விழுக்காடும் எரிபொருள் 6 விழுக்காடும் குறைந்திருக்கின்றன.

மாணவர்கள் இந்த எண்களைச் சற்று உற்று நோக்க வேண்டும். தொலைவு ஒரு பங்கு குறையும்போது எண்ணெய் இரண்டரைப் பங்கு குறைவானேன்? போகும் இடங்களைக் குறைப்பதைவிட, போகும் விதத்தையும் போகும் வண்டியையும் மாற்றிக்கொள்வதில் மக்கள் முந்துகின்றனர் என்பதே இதன் பொருள். விலை முதலில் மனிதனின் பயணத்தைத் தொடுவதில்லை; ஆக்சிலேட்டரின் மேலுள்ள அவன் காலைத் தொடுகிறது. அந்தக் கால் சரியான பாடத்தைக் கற்றுக்கொள்கிறதா, தவறான பாடத்தைக் கற்றுக்கொள்கிறதா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி. தவறான பாடத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. அங்கே செல்வதற்கு முன், விலை மக்களுக்கு எவ்வாறு தெரியவருகிறது என்பதைச் சிறிது பார்ப்போம்.

பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இருசக்கர வண்டியில் வருகின்றவர்களில் "இரண்டு லிட்டர்" என்று கேட்பவர் மிகச் சிலர். "நூறு ரூபாய்க்குப் போடுங்கள்" என்பதே வழக்கமான சொல். லிட்டர் 50 ரூபாய் விற்ற காலத்தில் அந்த நூறு ரூபாய்க்கு இரண்டு லிட்டர் கிடைத்தது. 2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் விலை 100 ரூபாயைத் தாண்டியபோது ஒரு லிட்டரும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் கையிலிருந்து சென்றது அதே ஒற்றை நோட்டுத்தான். விலை இரட்டித்ததை அவர் பணமாக உணரவில்லை. பங்குக்கு அடிக்கடி வர நேர்வதாகவே உணர்ந்தார். மேலும், முன்னாளில் விலையுயர்வு என்பது அரசு அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி. நள்ளிரவு முதல் விலை ஏறுகிறது என்ற செய்தி கேட்டவுடன் பங்குகளில் வரிசை நீளும். 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் நாள்தோறும் விலையை மாற்றியமைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பைசாக் கணக்கில் விலை அசையும்போது வரிசையும் இல்லை, கூக்குரலும் இல்லை. மெல்ல ஏறும் விலையை மனம் மெல்லவே கவனிக்கிறது.

திடீரென ஏறிய விலைக்கு உலகறிந்த சான்று 1973-ஆம் ஆண்டு. அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியப் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு 3 டாலர் அளவில் இருந்த விலை, சில மாதங்களில் 12 டாலர் அளவுக்குச் சென்றது. ஹாலந்து நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டில் பெட்ரோல் விலையுயர்வைக் கண்டித்து, வாஜ்பாய் அவர்கள் அந்த நவம்பர் மாதத்தில் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் சென்றார். அமெரிக்கா, சாலைகளில் மணிக்கு 55 மைல், அஃதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்ற உச்ச வேகத்தை 1974 தொடக்கத்தில் சட்டமாக்கியது. எண்ணெயைச் சேமிக்கவே அச்சட்டம் பிறந்தது. ஆனால் 1973-இல் 54,000 அளவில் இருந்த அந்நாட்டுச் சாலைச் சாவுகள், 1974-இல் 45,000 அளவுக்கு இறங்கின. மக்கள் குறைவாக ஓட்டியதும் மெதுவாக ஓட்டியதும் சேர்ந்து செய்த வேலை அது. எண்ணெயைக் காக்கப் போட்ட சட்டம் உயிரைக் காத்தது.

அடுத்த அடி 1979-இல் ஈரானியப் புரட்சியோடு வந்தது. அதன் காலத்தை ஒட்டி நம் மண்ணில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லாமல் விட இயலாது. 1980-இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தார், இருவர் அமர்ந்து செல்லத்தக்க டி.வி.எஸ். 50 என்னும் மொபெட்டை உருவாக்கி விற்கத் தொடங்கினர். ஓசூர் அந்நாளில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். பால் கேனும், புல்லுக்கட்டும், கோழிக்கூடையும், பள்ளிப் பிள்ளைகளும் அச்சிறு வண்டியின் மேல் ஏறிச் சென்றதை அறியாத ஊர் தமிழகத்தில் இல்லை. 1984-இல் அதே ஓசூரிலிருந்து ஜப்பானியக் கூட்டுறவுடன் இந்த்-சுசுகி என்னும் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வந்தது. மறு ஆண்டு வடக்கே ஹீரோ ஹோண்டா வந்தது. "இந்த வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்ற கேள்வி மெல்ல மறைந்து, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதே வண்டி வாங்குவோரின் முதற் கேள்வி ஆயிற்று. குட்வின் கணக்கில் ஓராண்டுக்கும் ஐந்தாறு ஆண்டுக்கும் இடையே காணும் வேறுபாட்டை இந்தக் கேள்வியிலேயே காணலாம். வழக்கம் ஒரு வாரத்தில் மாறலாம்; வண்டி மாறுவதற்கு ஆண்டுகள் செல்லும்.

விலை வேறு, பஞ்சம் வேறு என்பதையும் குறித்துக்கொள்க. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்புறம் அடுப்பைப் பொருத்திக் கரிவாயுவால் பஸ் ஓட்டிய கதையை முதியோர் சொல்ல நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். 1990-களில் பொருளாதாரத் தடையின் நடுவே யாழ்ப்பாணத்து மக்கள் பழைய மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். மற்றப்படி சைக்கிளே அவர்களுடைய ஊர்தி. 2022-இல் இலங்கை முழுவதுமே வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுக்கும் நிலைக்கு வந்தது. பஞ்சத்தில் எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடுகின்றனர், வேறு வழியில்லை. விலையேற்றமோ வழியை அவரவர் கணக்குக்கே விட்டுவிடுகிறது. கணக்குப் பிழைக்க இடம் இருப்பது இங்கேதான்.

இனித் தொப்பூருக்கு வருவோம். காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கிச் செல்லும்போது, கட்டமேட்டுப் பக்கத்திலிருந்து மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிறது. வடக்கிலிருந்து கோவைக்கும் கேரளத்துக்கும் செல்லும் கனரக லாரிகளின் பெருவழி இது. 2020 டிசம்பர் 12 அன்று, சிமெண்டு ஏற்றி வந்த லாரி ஒன்று முன்னே தேங்கி நின்ற வண்டிகளின் வரிசையில் மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதித் தீப்பற்றியதில் மீண்டும் நால்வர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்திலும் வேகம், சரக்கின் எடை, சாலையின் வளைவு, ஓட்டுநரின் களைப்பு என்று பல காரணங்கள் கூடி நிற்கும்; எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதுவது முறையாகாது. எனினும் இந்த இறக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காவல்துறையினரும் போக்குவரத்து அலுவலரும் திரும்பத் திரும்பச் சுட்டும் ஒரு வழக்கம் உண்டு. கியரை விடுத்து நியூட்ரலில் வண்டியை உருள விடுதலே அது. சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுவதும் உண்டு. நோக்கம், டீசலை மிச்சப்படுத்துவது.

இதில் எவ்வளவு மிச்சமாகும்? இயற்பியல் படிக்கும் மாணவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சரக்கோடு சேர்த்து 25 டன் எடையுள்ள ஒரு லாரி, 100 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். நிறையை ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கினால், சுமார் 2 கோடியே 45 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அறை வெப்பத்திலுள்ள ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது. டயர்களின் உராய்வும் காற்றின் தடையும் இதில் ஒரு பகுதியை உண்டுவிடும். எஞ்சியது எங்கேனும் போயாக வேண்டும். கியரில் இறங்கினால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும் உழைப்பிலேயே அதன் பெரும்பகுதி கரைந்துவிடும். இதனை ஓட்டுநர் 'எஞ்சின் பிரேக்' என்பர். நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவும் பிரேக் டிரம்களுக்குள் வெப்பமாகப் போகிறது. டிரம் சூடேறி விரிகிறது. லைனிங்கின் பிடிமானம் குறைகிறது. மிதிக்க மிதிக்கப் பயன் குறைகிறது. எஞ்சினையும் நிறுத்திவிட்டால் துன்பம் இரட்டிக்கும். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. அக்காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரை ஓட்டுவது எஞ்சின். ஓடாத எஞ்சின் காற்றைத் தராது. ஸ்டியரிங்குக்கு உதவும் விசையையும் தராது. வேகம் மிகுந்தபின் கீழ்க் கியரை மீண்டும் கோக்கலாம் என்றால் பற்சக்கரங்கள் இடங்கொடா. ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது வெறும் வாய்மொழியன்று; அதற்குள் ஆற்றல் அழியாமை விதி அடங்கியிருக்கிறது.

சரி, ஆபத்து உண்டு, மிச்சமாவது உண்டா? இங்கேதான் காது மனிதனை ஏமாற்றுகிறது. கியரில் இறங்கும்போது எஞ்சின் உரக்க முழங்குகிறது. நியூட்ரலுக்கு வந்தவுடன் முழக்கம் அடங்கி முணுமுணுப்பாகிறது. முழக்கம் என்றால் நிறையக் குடிக்கிறது, முணுமுணுப்பு என்றால் குறையக் குடிக்கிறது என்று காது கணக்கிடுகிறது. உண்மை இதற்கு நேர்மாறு. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தப்படும் இக்கால எஞ்சின்களில், வண்டி கியரில் உருளும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், டீசல் செலுத்தப்படுவதே நின்றுவிடுகிறது. எஞ்சினைச் சுழற்றுவது டீசலன்று, மலைச்சரிவு. நியூட்ரலிலோ, எஞ்சின் நின்றுவிடாதிருக்கத் தன் சொந்த டீசலைத் தானே எரித்துக்கொண்டாக வேண்டும். மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிட இறக்கத்துக்குக் கால் லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் இருபத்திரண்டரை ரூபாய். மிச்சம் என்று எண்ணிச் செய்தது செலவாக முடிகிறது.

ஓட்டுநர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும் அன்றோ? "நியூட்ரலில் விட்டால் வண்டி அடிவாரத்தைத் தாண்டியும் நெடுந்தொலைவு தானே ஓடுகிறதே" என்பார் அவர். மெல்லிய சரிவும் நேரான பாதையும் ஆளில்லாச் சாலையும் இருந்தால் அவர் சொல்வதில் உண்மை உண்டு. எஞ்சின் பிடித்துக்கொள்ளாத வேகம் சமவெளியில் சிறிது தூரத்துக்குப் பயன்படும். ஆனால் தொப்பூரில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தாக வேண்டும். பிரேக்கில் கரைந்த வேகம் அடிவாரத்துக்கு வந்து சேராது. மிதிக்காமல் வருவதென்றாலோ, அதை மிச்சம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

குற்றத்தை ஓட்டுநர் தலையிலேயே ஏற்றிவிடும் பேச்சு எனக்கு உடன்பாடன்று. லாரித் தொழிலில் பல இடங்களில், இன்ன ஊருக்கு இத்தனை லிட்டர் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. மிஞ்சினால் ஓட்டுநருக்கு ஆதாயம். குறைந்தால் அவர் படியில் பிடித்தம். விலை ஏற ஏற உரிமையாளர் அந்த வரையறையை இறுக்குகிறார். வாடகையை உடனே உயர்த்தித் தரச் சரக்கு அனுப்புவோர் இசைவதில்லை. இறுக்கம் படிப்படியாகக் கீழே இறங்கி, இரவு இரண்டு மணிக்குக் கட்டமேட்டில் கண்விழித்து அமர்ந்திருக்கும் ஒருவரின் கையில் வந்து நிற்கிறது. அவருக்கு மிச்சப்படுத்தக் கிடைத்த இடம் அந்தக் கியர்க் கம்பி ஒன்றே. 'நியூட்ரலில் ஓட்டாதீர்' என்று சாலையோரம் எழுதி வைக்கிறோம், எழுத வேண்டியதுதான். அந்த டீசல் கணக்கை எழுதுகின்றவர் மேசைமேலும் அதனை எழுதி வைத்தால் தகும்.

உண்மையான மிச்சம் வேறிடங்களில் கிடக்கிறது. அங்கெல்லாம் முழக்கமும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விலக்கச் செலவாகும் ஆற்றலை ஒரு பங்கு என்றால், அதே தொலைவை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஒன்றே முக்கால் பங்குக்கு மேல் வேண்டும். பெட்டிபோல் உயர்ந்த லாரிக்கு இது பெருஞ்செலவு. தருமபுரியிலிருந்து சேலம்வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இவ்விரண்டு வேகங்களுக்கும் இடையே நேர வேறுபாடு பதினாறு நிமிடம். பள்ளியில் நான் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது, "அந்தப் பதினாறு நிமிடத்தில் டீ குடிக்கலாமே, ஐயா" என்றான் ஒரு மாணவன். வகுப்பு சிரித்தது, விடை சரிதான். டயரில் காற்றுக் குறைந்தால் உருளும் தடை மிகும் என்பதையும், சுங்கச்சாவடியிலும் சந்தைத் தெருவிலும் வீணே ஓடும் எஞ்சின் ஓடாத தூரத்துக்கு எண்ணெய் குடிக்கிறது என்பதையும் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சாதாரணக் குடும்பங்களில் நடந்த மாற்றம் இன்னும் அமைதியானது. 2021 மே மாதத்தில் தமிழக அரசு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதத்துக்குள் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, பிறகு தம் வேலைக்குத் திரும்பி வந்த கணவர்கள் பலர், அந்த முதற் பயணத்தைக் கைவிட்டதை எங்கள் பக்கத்து ஊர்களில் கண்டேன். ஓரிடத்தில் பணிபுரியும் ஆசிரியர் மூவர் ஒரு காரில் முறைவைத்துச் செல்வதும் பெருகிற்று. இவையெல்லாம் குட்வின் கணக்கில் தொலைவு என்ற பத்தியில் மெல்லக் குறையும் அந்த ஒன்றிரண்டு விழுக்காடு.

தொப்பூர்ச் சரிவைத் தணிக்க உயர்மட்டச் சாலை ஒன்றைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் திட்டமிட்டிருக்கிறது. இதற்கிடையே, முன்பு மொபெட் பிறந்த ஓசூரிலும், போச்சம்பள்ளிக்கு அருகிலும் இன்று மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. மின்சார வண்டிகளில் ஒரு புதுமை உண்டு. இறக்கத்தில் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் அப்போது மின்னாக்கியாக மாறி, இறங்கும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நாம் மேலே கணக்கிட்ட 2 கோடியே 45 லட்சம் ஜூல் என்பது, வீட்டு மீட்டரில் ஏறத்தாழ 7 யூனிட். டிரம்மைச் சுட்டுக்கொண்டிருந்த அவ்வெப்பத்தில் பாதி திரும்பி வந்தாலும், மின்சார லாரி ஒன்று கட்டமேட்டில் இருந்ததைவிட அடிவாரத்தில் மூன்று யூனிட் மிகுதியாகவே வைத்திருக்கும். ஆனால் அதற்கும் சக்கரம் மோட்டாரோடு இணைந்திருக்க வேண்டும். நியூட்ரலில் இறங்கும் வண்டிக்கு அங்கும் ஒரு யூனிட்கூடத் திரும்பாது.